வெடிக்கு அசையாத குட்டி

எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று நான் முடிவு செய்தது கேஸ் சிலிண்டர் காணாமல் போன அன்றைக்கு. அதுவரை நாய் என்றாலே எனக்கு ஆகாது. முடி உதிர்க்கும், செருப்பைக் கடிக்கும், கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் வெள்ளைச் சேலையில் காலை வைக்கும். நாய் வளர்ப்பவர்கள் வீட்டில் காபிகூடக் குடிக்க மாட்டேன். அப்படிப்பட்ட என் வாயாலேயே நாய் வாங்குவோம் என்று சொல்ல வைத்தான் ஒரு திருடன்.

அன்றைக்கு நான் விருதுநகரில் ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் நேசகுமார் முன்னறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எவனோ ஒருவன் திறந்து கிடந்த வாசல் வழியாக நுழைந்து, அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து அடுக்களைக்குப் போய், ரெகுலேட்டரைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். அடுப்பில் இருந்த பாலை இறக்கி மூடி வைத்திருந்தான். மரியாதை தெரிந்தவன். இவர் டீ போடலாம் என்று எழுந்து போனபோதுதான் அடுப்பு இருக்கிறது, சிலிண்டர் இல்லை என்பதே தெரிந்திருக்கிறது.

அவருக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படியில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். பக்கத்து அறையில் மருந்து வெடித்தபோது இவர் தன் அறையின் வாசலில் நின்றிருந்தார். கதவு திறந்து கிடந்ததால் வெளியே தூக்கி வீசப்பட்டார். வலது கை விரல் நுனிகள் வெந்து மழுங்கிப்போயின. இரண்டு காதும் போயின. உயிர் மிஞ்சியது. வெயில் அடிக்கிறது என்று தன் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்த வேலையாள் கருப்பணன் வெளியே வரவேயில்லை. இவருக்குக் காது மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தோம். உள்ளே மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். அவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்றால் செல்போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டுவேன். சின்ன விஷயங்களை என் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார். அவர் பேசுவது அவருக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கும்.

ஆள் இருக்கும் அறையில் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது கம்பெனியில் சட்டம். அதை வேலையாட்களிடம் கத்திக் கத்தியே அவர் குரல் தடித்துப்போனது. கருப்பணனுக்குப் பிறகு அது அவருக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. அவர் உள்ளே இருக்கும்வரை எங்கள் வாசல் கதவு திறந்துதான் கிடக்கும். குளிக்கப் போனால்கூடக் கதவை ஒருக்களித்துத்தான் வைப்பார். நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். உள்ளே தாழ் போட்டுக்கொண்டால், டூட்டி முடிந்து வந்து நான் தட்டுவது அவருக்குக் கேட்கவா போகிறது? அதனால் போகும்போது நானே வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒரு நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "நான் என்ன கடைக்குள்ள கிடக்கிற சாமானா, பூட்டிட்டுப் போறதுக்கு?" என்று கேட்டு, பூட்டைச் சாவியோடு அலமாரி மேல் எறிந்தார். நான் அதை எடுக்கவில்லை. அது அங்கேயே கிடந்து தூசி படிந்தது.

சிலிண்டர் விஷயம் சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜெபிஷாவின் காதுக்குப் போனதும் அவள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். சிலிண்டரைத் தூக்கியவன் அதே சிலிண்டரால் அப்பா தலையில் ஒரு போடு போட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். இனிமேல் அப்பா பகலில் தனியாக இருக்கக் கூடாது, நாசரேத்தில் பெரியப்பா வீட்டில் போய் இருக்கட்டும், அவர்களிடம் நான் பேசிவிட்டேன், பின்பக்க அறை சும்மாதான் கிடக்கிறது என்றாள். என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. நான் வேலையை விட முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

விபத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அவர் அந்தப் பின்பக்க அறையில் இருந்திருக்கிறார். அவர்கள் நல்லவர்கள்தான். வேளாவேளைக்குச் சோறு வரும். ஆனால் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்கள். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசுவார்கள். "அங்கன நான் உயிரோட இருக்கேன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்று திரும்பி வந்த அன்று சொன்னார். நாசரேத் என்று நான் செல்போனில் அடித்துக் காட்டினால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டைத் தள்ளிவிடுவார். அந்த மனிதரை மறுபடி அங்கே கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாத வீட்டுக்கு டூட்டி முடித்து நான் எதற்குத் திரும்பி வரவேண்டும்?

அப்போதுதான் நாய் என்ற யோசனை வந்தது. ஆள் வந்தால் குரைக்கும், இவர் சட்டையைப் பிடித்து இழுக்கும், கதவும் திறந்து கிடக்கலாம், இவரும் இருக்கலாம். ஜெபிஷா அரைமனதாக ஒத்துக்கொண்டாள். லீவுக்கு வருவேன், நாய் உண்மையிலேயே உஷாராக இருக்கிறதா என்று நானே பார்ப்பேன், இல்லையென்றால் அப்பாவை அந்தப் பயணத்திலேயே நாசரேத்துக்குக் கூட்டிப்போவேன் என்றாள். பெற்ற மகளிடம் பரீட்சை எழுதும் நிலைமை வந்துவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

அவரிடம் சொன்னபோது முதலில் குதித்தார். எத்தனை ஆட்களை மேய்த்தவன், எனக்கு நாய் காவலா என்றார். நாசரேத் என்று அடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டார். குட்டியை அவர்தான் தேர்ந்தெடுப்பார். வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிற நாய் நம் வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது.

அந்த நிபந்தனை நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் இருப்பது ஆமத்தூர் பக்கம். சுற்றிலும் கம்பெனிகள். சாயங்காலம் ஆனால் போதும், எங்கேயாவது சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். சீசன் நேரத்தில் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி ஒரு கறுப்பு நாய் வளர்க்கிறாள். முதல் வெடி விழுந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தால் மறுநாள் விடியும்வரை வெளியே வராது. போன சீசனில் பயந்து ஓடி, மல்லாங்கிணறு போகிற ரோட்டில் யாரோ பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அதைக் காவல் நாய் என்று சொன்னால் திருடனே சிரிப்பான். எங்கள் பக்கத்தில் நாய் வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் வெடியோடுதான் போவார்கள். வெடியைப் போட்டுப் பார்த்து, ஓடாத குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ராஜபாளையத்தில் மாந்தோப்பு ஒன்றில் மணிகண்டராஜ் என்பவர் அந்த ஊர் வெள்ளை நாய்களை வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். தாய் நாயை மரத்தில் கட்டியிருந்தார். பால் மாதிரி வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. குட்டிகள் சருகுக்குள் புரண்டுகொண்டிருந்தன. இவர் பையிலிருந்து ஒரு லட்சுமி வெடியை எடுத்தார். மணிகண்டராஜ் சிவகாசிப் பக்கத்து ஆட்களைப் பார்த்துப் பழக்கப்பட்டவர் போலிருக்கிறது. தாய் நாயை மட்டும் அவிழ்த்துத் தூரமாகக் கொண்டுபோனார்.

வெடி வெடித்ததும் குட்டிகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின. காதில் பழுப்புப் புள்ளி உள்ள ஒரு குட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து, அங்கிருந்து தலையை நீட்டிப் புகையைப் பார்த்து விடாமல் குரைத்தது. உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனாலும் குரைக்கிறது. ஒரே ஒரு குட்டி மட்டும் அசையவில்லை. புள்ளி பொட்டு இல்லாத முழு வெள்ளை. வெடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு தேங்காய் மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. புகை மூக்கில் ஏறிய பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டு மறுபடி மட்டையைக் கடித்தது.

"காவலுக்குன்னா அந்தப் புள்ளி உள்ளத எடுங்கக்கா. பயந்தாலும் விடாமக் குரைக்குது பாருங்க. இந்த வெள்ளை கூப்பிட்டாக்கூட வராது, திமிரு பிடிச்சது" என்றார் மணிகண்டராஜ்.

நான் அதை இவருக்கு அடித்துக் காட்டினேன். இவர் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளைக் குட்டியைத் தூக்கி நெஞ்சில் அணைத்திருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. "பாத்தியா ஞானதீபம், கண்ணு சிமிட்டலையே இவன்" என்று தோப்பே அதிரும்படி சொன்னார். நானும் சிரித்தேன், கை தட்டினேன். அந்தக் கைதட்டலுக்கும் குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. அது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

மேஜர் என்று பேர் வைத்தார். வந்த நாளிலிருந்து அவருக்கு அவன்தான் எல்லாம். அவர் வாயால் கூப்பிடுவதைவிடக் கையைக் காட்டிப் பழக்குவதுதான் அதிகம். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் உட்கார வேண்டும். வாசலை நோக்கிக் கையை நீட்டிச் சொடுக்குப் போட்டால் ஓடிப்போய்க் கேட்டைப் பார்த்துக் குரைக்க வேண்டும். மேஜர் எல்லாவற்றையும் சட்டென்று பிடித்துக்கொண்டான். "ஒரு சொடுக்குத்தான், பறக்கான் பாரு" என்று அவர் பாண்டிலட்சுமியிடம் பெருமை அடித்தார். வெந்து மழுங்கிய அந்த விரல்களில் சொடுக்குப் போட்டால் சத்தம் வருவதில்லை. அது அவருக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

சாயங்காலம் சாம்பிள் வெடிக்கும்போது தெரு நாய்கள் எல்லாம் ஓடும். பாண்டிலட்சுமியின் நாய் கட்டிலுக்கு அடியில் போகும். எங்கள் மேஜர் மட்டும் வாசலில் இவர் காலடியில் மன்னர் மாதிரி உட்கார்ந்திருப்பான். டீக்கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். பழைய கம்பெனி ஆட்கள் வந்து தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போர்மேன் வீட்டு நாய் போர்மேன் மாதிரியே இருக்கிறது என்று யாரோ சொன்னதை வாயசைவில் படித்துவிட்டு வந்து என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். விபத்துக்குப் பிறகு அவரை யாரும் போர்மேன் என்று சொன்னதில்லை.

எனக்கு மட்டும் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. டூட்டி முடிந்து வந்து கேட்டைக் கிறீச்சென்று தள்ளுவேன், மேஜர் தூங்கிக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் போய் நின்றதும் பதறி எழுந்து கடிக்க வருவான், அப்புறம் என்னைப் பார்த்து வாலை ஆட்டுவான். காலிங்பெல் அடித்துப் பார்த்தேன், அதற்கும் எழவில்லை. சின்னக் குட்டிதானே, போகப் போகப் பழகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள். பிறந்த பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் வேலை எங்களுடையது. தலைமாட்டில் நின்று கையைத் தட்டினால் பிள்ளை உடம்பைத் தூக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் கண்ணையாவது சிமிட்ட வேண்டும். ஒன்றும் செய்யாத பிள்ளையைக் காது டெஸ்டுக்கு எழுதி அனுப்புவோம். ஒருநாள் வார்டில் புதிதாகப் பிறந்த ஒரு பிள்ளையின் தலைமாட்டில் நின்று கையைத் தட்டினேன். பிள்ளை சிணுங்கி உடம்பைத் தூக்கிப் போட்டது. அதன் அம்மா பயந்துபோய், பிள்ளைக்கு ஒன்றுமில்லையே சிஸ்டர் என்று கேட்டாள். பயப்பட்டால்தான் நல்லது, அதிராமல் கிடந்தால்தான் கவலைப்படணும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த மாந்தோப்பு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போகும்வரை காத்திருந்தேன். மேஜர் சாக்கில் சுருண்டு படுத்திருந்தான். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். பாண்டிலட்சுமி அவள் வீட்டிலிருந்து என்ன சிஸ்டர் விழுந்தது என்று கேட்டாள். மேஜர் மூச்சுக்கூட மாறாமல் தூங்கினான். இன்னொரு முறை அடித்தேன். அப்புறம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். கேட்காத மனுஷனுக்குக் காதாக இருக்கட்டும் என்று, ராஜபாளையம்வரை போய், பார்த்துப் பார்த்துக் கேட்காத நாயை வாங்கி வந்திருக்கிறோம். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வேன்?

தடுப்பூசி போட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு மேஜரை விருதுநகரில் ஒரு கால்நடை டாக்டரிடம் நான் மட்டும் கூட்டிப்போனேன். இந்த முழு வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குப் பிறவியிலேயே இப்படி வரும், மருந்து கிடையாது என்றார். மணிகண்டராஜுக்கு போன் போட்டேன். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை, வருத்தப்பட்டார். காதில் புள்ளி உள்ள குட்டியை இன்னும் யாரும் எடுக்கவில்லை, மாற்றிக்கொண்டு போங்கள் என்றார். அப்படியானால் மேஜரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதை நான் பாத்துக்கிடுறேன்க்கா, நீங்க அதெல்லாம் யோசிக்காதீங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மாற்றி வந்தாலும் என்ன ஆகப்போகிறது? காது கேட்கிற குட்டி சாயங்காலம் சாம்பிள் வெடித்ததும் பாண்டிலட்சுமி வீட்டு நாயைப் போலக் கட்டிலுக்கு அடியில் போய்விடும், இல்லையென்றால் ரோட்டைப் பார்த்து ஓடிவிடும். எங்கள் ஊரில் கேட்கிற நாய் நிற்காது, நிற்கிற நாய்க்குக் கேட்காது. இருந்தாலும் ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மேஜர் கூப்பிட்டால் வருவதில்லை, வேறு குட்டி மாற்றிக்கொள்வோமா என்று அடித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"கூப்பிட்டா நான்கூடத்தான் வர மாட்டேன். என்னையும் மாத்திருவியா?"

சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஜெபிஷா லீவுக்கு வந்தாள். வந்ததும் மேஜரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள், படம் எடுத்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும், சரி இப்ப பாப்போம் என்று எழுந்தாள். அப்பாவும் மேஜரும் எப்போதும்போல இருக்கட்டும், நான் வெளியே போய் பெல் அடிப்பேன், மேஜர் என்ன செய்கிறான் என்று பார்க்கவேண்டும் என்றாள். இவருக்கு விஷயம் புரிந்ததும் ஒரே சிரிப்பு. "அடி பாப்பா, அடி. பெல்லு என்ன, அணுகுண்டே போடு" என்று சட்டமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நம்பிக்கையைப் பார்க்க என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நாளைக்கே நாசரேத்.

நான் அடுக்களை வாசலில் போய் நின்றேன். கையில் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை வைத்திருந்தேன். மேஜர் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே பெல் அடித்தது. நான் கையை வாசலை நோக்கி நீட்டி, அவர் செய்வதைப் போலவே விரலைச் சொடுக்கினேன், சத்தம் வராமல். மேஜர் பாய்ந்து போய்க் கேட்டில் முன்காலை வைத்து ஊரைக் கூட்டினான். ஜெபிஷா வெளியே நின்று கைதட்டிச் சிரிப்பது கேட்டது. உள்ளே வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நீங்க இங்கேயே இருங்கப்பா என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் மகளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஊருக்குப் போகும்வரை அவர் பொறுத்திருந்தார். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்ததும் நேராக அடுக்களைக்குப் போய்த் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்தார். மேஜர் சாக்கில் கிடந்தான். அவனுக்குப் பின்னால் போய் நின்று தட்டை ஓங்கி அடித்தார். அடித்துவிட்டு நாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். தட்டில் சத்தம் வந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் உடம்பு அதிர்ந்ததைப் பார்த்த பிறகுதான் குனிந்து மேஜரைப் பார்த்தார். அவன் காது மடல்கூட அசையவில்லை.

"பிறவியிலேயா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேஜர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் கை பட்டதும் அவன் பதறி எழுந்தான், பிறகு ஆளைத் தெரிந்துகொண்டு மடியில் தலையை வைத்தான். பயமில்லாத நாய் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்றார். நான் மணிகண்டராஜ் சொன்னதை அடித்துக் காட்டினேன், மாற்றித் தருவார், புள்ளிக் குட்டி இருக்கிறது என்று. திருப்பிக் கொடுத்தால் மேஜரை என்ன செய்வார்கள் என்று கேட்டார். நான் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் அடிக்காமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்போனை வாங்கிப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் டூட்டிக்குக் கிளம்பிப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி மேல் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தபோது கையில் அந்தப் பூட்டு இருந்தது. துண்டால் தூசியைத் துடைத்தார். சாவியைப் போட்டுத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பூட்டிட்டுப் போ."

எப்போதும் தெருவுக்கே கேட்கும் குரல், எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. வேண்டாங்க, திறந்தே கிடக்கட்டும் என்று வாயசைத்தேன். அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து விரித்துப் பூட்டை அதில் வைத்து மூடினார்.

"இன்னொரு சாவிய பாண்டிலட்சுமிகிட்ட குடுத்துட்டுப் போ. தீ கீ பிடிச்சா அவ வந்து திறக்கட்டும்."

கருப்பணனை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வேன்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வார்டில் ஆள் கிடையாது. நாசரேத்துக்கு அனுப்ப மாட்டேன், மேஜரைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன், வேலையை விட முடியாது, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகவும் முடியாது. என்னால் முடிந்தது என்று மிச்சம் இருந்தது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துக் கதவைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜர் அவர் காலடியில் தலையை வைத்துப் படுத்திருந்தான். பழக்கத்தில், போயிட்டு வாரேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் திரும்பவில்லை. கொண்டியைப் போட்டுப் பூட்டை மாட்டி அமுக்கினேன். பூட்டு விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.